தாய்ப்பாறையோடு கொண்டு வாருங்கள்: மாணிக்கம், நீலம் பற்றிய கேள்வி–பதில்

மாணிக்கம், நீலம், கனகபுஷ்பராகம் மூன்றும் குருந்தம் என்ற ஒரே கனிமத்தின் நிறங்கள். அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்த சுத்தக் குருந்தத்துக்கு நிறமே கிடையாது. பத்து லட்சம் பங்கில் சில பத்துப் பங்கோ சில ஆயிரம் பங்கோ நுழைந்துவிடும் குரோமியம், இரும்பு, டைட்டானியம், மக்னீசியம் போன்ற சுவட்டுத் தனிமங்கள்தான் நிறத்தைத் தருகின்றன. கல் எந்தப் பாறையில் பிறந்தது என்பதற்கும் அவையே சாட்சி. இந்த இதழில் காங்கயம், கரூர், நாமக்கல், ஈரோடு, கோவை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள்.

எங்க மேட்டுக்காட்டுல மழைக்கு அப்புறம் உழுதா, செம்மண்ணுல ஆறு பட்டையா, பழுப்புச் சிவப்புல கல்லு மேல வருதுங்க. சிலது பீப்பா மாதிரி நடுவுல தடிச்சிருக்குது. ஒருத்தர் குருந்தம்ங்கறார், இன்னொருத்தர் கார்னெட்டுங்கறார். வீட்டுலயே எப்படிங்க பாக்கறது?
– வாசகர், காங்கயம்

வடிவம் நல்ல சேதி. ஆறு பட்டையும் பீப்பாய் வயிறும் குருந்தத்தின் குணம். கார்னெட் பெரும்பாலும் பன்னிரண்டு முகத்தோடு உருண்டையாக இருக்கும். குருந்தம் உடைந்த இடத்தில் படிக்கட்டு போலத் தட்டையான தளங்கள் தெரியும். அவற்றின் மேல் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் முக்கோணக் கோடுகள் இருக்கும்.

அடுத்தது எடை. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 0.01 கிராம் தராசு போதும். முதலில் கல்லை அப்படியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் முக்கால் டம்ளர் தண்ணீரை வைத்து, காட்டும் எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுதாக முங்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுக்க வேண்டும். 12.40 கிராம் கல் 3.10 கிராம் தண்ணீரை விலக்கினால் விடை 4.00. குருந்தம் 3.95 முதல் 4.05-க்குள் நிற்கும். வெங்கச்சங்கல் 2.65, பெல்ஸ்பார் 2.6 முதல் 2.8 வரை.

இதில் வழக்கமாக நேரும் தப்பு மூன்று. கல்லில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் விடை குறையும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கல்லை ஒரு முறை உலுக்குங்கள். கல்லோடு பெல்ஸ்பாரோ காக்காப்பொன்னோ ஒட்டியிருந்தாலும் குறையும், 3.6 வந்தால் உடனே தூக்கி எறியாதீர்கள். கல் டம்ளரின் அடியைத் தொட்டால் தராசு கல்லின் எடையையும் சேர்த்துக் காட்டி, விடை அபத்தமாகிவிடும்.

சிவப்பு கார்னெட்டும் 4-ஐ ஒட்டியே வரும் என்பதால் எடை மட்டும் போதாது. இருட்டு அறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். குரோமியம் உள்ள குருந்தம் சிவப்பாகத் தணல் போல ஒளிரும், கார்னெட் ஒளிராது. ஆனால் இரும்பு அதிகமானால் அந்த ஒளியை அது அணைத்துவிடும். ஒளிர்ந்தால் குருந்தம் என்று நம்பலாம். ஒளிராததை மட்டும் வைத்து இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொன்று: காட்டில் மேலே கிடப்பதைப் பார்ப்பது வேறு, குழி தோண்டி எடுப்பது வேறு. தோண்டுவதற்குக் கனிமவளத் துறையின் அனுமதி வேண்டும்.

சித்தம்பூண்டியில் கிடைக்கும் குருந்தம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. சிவன்மலைப் பக்கத்துக் குருந்தத்தில் அந்தச் சிவப்பு இல்லை. இரண்டும் ஒரே கொங்கு மண். ஏன் இந்த வேறுபாடு?
– புவியியல் மாணவி, பரமத்தி வேலூர்

மண் ஒன்றுதான், தாய்ப்பாறைகள் வேறு. குருந்தம் பிறக்க முதல் நிபந்தனை, பாறையில் அலுமினியம் மிஞ்சியிருக்க வேண்டும், சிலிக்கா பற்றாக்குறையாக இருக்க வேண்டும். சிலிக்கா தாராளமாகக் கிடைத்தால் அலுமினியம் அதோடு சேர்ந்து பெல்ஸ்பாராகவோ சில்லிமனைட்டாகவோ காக்காப்பொன்னாகவோ போய்விடும். அதனால்தான் வெங்கச்சங்கல்லும் குருந்தமும் ஒரே பாறையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளர்வதில்லை. காட்டில் இரண்டும் கலந்து கிடந்தால், இரண்டு வேறு பாறைகள் சிதைந்து அங்கே சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறை அனார்த்தோசைட். கால்சியம் மிகுந்த பெல்ஸ்பார்தான் அதில் பெரும்பங்கு. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது. பின்னர் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. சந்திரயான் ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலாமண் செய்தபோது கல் எடுத்தது இந்தப் பாறையிலிருந்துதான். நிலாவின் மேட்டுநிலப் பாறையும் அனார்த்தோசைட்டே. குருந்தத்தைப் பொறுத்தவரை முக்கியமான செய்தி வேறு: இதே பாறைத்தொகுதியில் குரோமைட் அடுக்குகள் கறுப்புப் பட்டைகளாக ஓடுகின்றன. குரோமியம் பக்கத்திலேயே இருக்கிறது. குரோமியத்தின் மூன்று மின்னூட்ட அயனிக்கு ஆரம் 0.615 ஆங்ஸ்ட்ராம், அலுமினியத்துக்கு 0.535. சற்றுப் பெரிது, மின்னூட்டம் ஒன்று. அதனால் அலுமினியத்தின் இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். சில நூறு பிபிஎம் இருந்தால் இளஞ்சிவப்பு, சில ஆயிரம் ஆனால் மாணிக்கச் சிவப்பு. (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு.)

சிவன்மலை வேறு வகை. அங்கே இருப்பது நெஃபலின் சயனைட், அதாவது சோடியமும் பொட்டாசியமும் மிகுந்து, சிலிக்கா போதாத பாறைக்குழம்பு இறுகிய பாறை. இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1901-லேயே அந்தப் பாறைத்தொகுதியைக் குருந்த சயனைட்டோடு சேர்த்து விரிவாக விவரித்திருக்கிறார். இப்படிப்பட்ட குழம்பு ஆழத்தில் நெடுநேரம் ஆறும்போது முதலில் படிகமாகும் கனிமங்களே குரோமியத்தையும் மக்னீசியத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். கடைசியில் மிஞ்சும் குழம்பில் அவை இரண்டும் வறண்டு, அலுமினியத்தை ஒத்த உலோகமான காலியம் (gallium) போன்றவை திரளும். சிவப்பு அங்கே எங்கிருந்து வரும்?

மூன்றாவது ஒரு வழியும் உண்டு, களத்தில் கண்ணால் பிடிக்கலாம். பெக்மடைட் குழம்பு, மக்னீசியம் மிகுந்த கரும்பாறைக்குள் பாயும்போது, பக்கத்துப் பாறை அதன் சிலிக்காவை உறிஞ்சிவிடும். அலுமினியம் மிஞ்சிக் குருந்தமாகும். இரண்டுக்கும் இடையில் கருங்காக்காப்பொன் தோல் போலப் படர்ந்திருக்கும். கல்லைச் சுற்றி அந்தத் தோல் இருந்தால் கழுவிச் சுரண்டிவிடாதீர்கள். பிறப்புச் சான்று அதுதான்.

லேசர் ஐசிபி–எம்எஸ் கருவியில் குருந்தத்தை அளக்கப் போகிறேன். காலியம்/மக்னீசியம் விகிதம் பார்த்தால் பாறை வகை தெரியும் என்கிறார்கள். எப்படி அளப்பது? எதில் கவனம் வேண்டும்?
– ஆய்வு மாணவர், ஈரோடு

லேசரால் கல்லில் நுண்குழி சுட்டு, கிளம்பும் துகளில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளப்பதே இந்தக் கருவி. முதலில் அந்த விகிதத்தின் காரணம். காலியம் வேதியியலில் அலுமினியத்தின் உடன்பிறப்பு மாதிரி. அலுமினியம் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும், ஆறும் குழம்பின் கடைசிப் பகுதியில் கூடும். மக்னீசியம் நேர்மாறு. ஆகவே குழம்பில் பிறந்த நீலத்தில் விகிதம் உயரும், உருமாற்றப் பாறையில் பிறந்ததில் தாழும். 2007-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இன்றும் பயன்படுகிறது. உருமாற்ற நீலங்களில் சராசரியாகக் காலியம் 75 பிபிஎம்-க்குக் கீழ், மக்னீசியம் 60-க்கு மேல், இரும்பு 3000-க்குக் கீழ், விகிதம் 10-க்குக் கீழ். குழம்பு நீலங்களில் காலியம் 140-க்கு மேல், மக்னீசியம் பெரும்பாலும் 20-க்குக் கீழ், இரும்பு 2000 முதல் 11000 வரை, விகிதம் 10-க்கு மேல்.

இரும்பின் எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். இரும்பு 2500 வந்தால் அதை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் சாயக் கூடாது. அந்த எண்கள் நீலக்கற்களுக்கானவை என்பதையும் மறக்கக் கூடாது; மாணிக்கத்துக்கு அப்படியே போட்டால் தப்பு வரும். மாணிக்கத்தில் பார்க்க வேண்டியது இரும்பும் வனேடியமும். மியான்மரின் மோகோக் போலச் சலவைக்கல்லில் பிறந்தது என்றால் இரும்பு மிகக் குறைவு, வனேடியம் தெரியும்படி இருக்கும். மொசாம்பிக்கின் மோன்டேபுவேஸ் போல ஆம்பிபோலைட் என்ற கரிய உருமாற்றப் பாறையில் பிறந்தது என்றால் இரும்பு கூடுதல்.

இனி அளவு. கல்லை ஆல்கஹாலில் துடைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்து, சுத்த நீரில் கழுவுங்கள். பட்டை தீட்டிய கல்லில் செப்புத் தட்டின் துகள் ஒட்டியிருக்கும். காட்டுக் கல்லின் வெடிப்புகளில் செம்மண் இரும்பு இருக்கும். அதனால் அளக்கும் புள்ளியை முதலில் ஓரிரு வினாடி லேசரால் சுட்டு மேல்தோலை நீக்கிவிட்டு, பிறகே உண்மையான அளவைத் தொடங்க வேண்டும். புள்ளியின் குறுக்களவு 50 மைக்ரான் அளவில் வைக்கலாம். 20 வினாடி லேசர் இல்லாமல் பின்னணி, 40 வினாடி லேசரோடு. அலுமினியத்தையே உள் அளவுகோலாக வையுங்கள். குருந்தத்தில் அதன் எடைப்பங்கு 52.93 சதவீதம்.

எந்த ஐசோடோப்பை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களில் எதைப் படிக்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இரும்பு 56 வேண்டாம், ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த 56 அதன் மேல் விழும்; 57-ஐ எடுங்கள். டைட்டானியம் 48-ன் மேல் கால்சியம் 48 விழும். 47 அல்லது 49 நல்லது. அனார்த்தோசைட் குருந்தத்துக்கு இது மிக முக்கியம், அங்கே கால்சியம் நிறைந்த பெல்ஸ்பார் எங்கும் ஒளிந்திருக்கும்.

தரக்கல்லாக, அதாவது தனிம அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுப் பொருளாக, நிஸ்ட் 610, 612 கண்ணாடிகளை வைப்பது வழக்கம். கண்ணாடி லேசரைக் குடிக்கும் விதம் வேறு, குருந்தம் குடிக்கும் விதம் வேறு. அளவு தெரிந்த குருந்தமே தரக்கல்லாகக் கிடைத்தால் அதை விடாதீர்கள். பத்துப் புள்ளிக்கு ஒரு முறை தரக்கல்லுக்குத் திரும்புங்கள். கருவியின் உணர்திறன் மெல்ல நழுவுவது அப்போதுதான் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, சராசரியை மட்டும் பார்ப்பது. நேரவாரியான கோட்டைத் திரையில் விரித்துப் பாருங்கள். டைட்டானியம் ஓரிடத்தில் மட்டும் கூராக எழும்பினால் லேசர் ரூட்டைல் (டைட்டானியம் ஆக்சைடு) ஊசியைக் குத்தியிருக்கிறது. சிர்கோனியம் எழும்பினால் சிர்கான். மக்னீசியம், இரும்பு, துத்தநாகம் மூன்றும் கூட்டாக எழும்பினால் ஸ்பினல். அந்தத் துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் கணக்கிட வேண்டும். ஒரே ஒரு ஸ்பினல் துணுக்கு மக்னீசியத்தை ஏற்றிவிட்டால் போதும், குழம்பில் பிறந்த கல்லும் உருமாற்றக் கல்லாக வேடம் போடும். சிர்கானைக் கண்டால் மட்டும் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள், யுரேனியம்–ஈயம் முறையில் அதிலிருந்து வயது எடுக்கலாம்.

ஒரு கல்லுக்கு நடுவிலிருந்து ஓரம் வரை ஐந்து புள்ளி வையுங்கள். நிறப்பட்டை மாறும் இடங்களில் தனித்தனியாக.

ஒரு நீலக்கல் அறிக்கையில் டைட்டானியம் 100 பிபிஎம், மக்னீசியம் 60 பிபிஎம் என்று இருந்தது. டைட்டானியம்தான் அதிகம், சூடு போட்டால் நீலம் ஏறும் என்று நம்பிச் சூடு போட்டார்கள். கல் வெளுப்பாகவே நின்றுவிட்டது. என்ன பிசகு?
– கல் பட்டை தீட்டும் வாசகர், கரூர்

எடைக் கணக்கில் படித்ததுதான் பிசகு. நிறம் எடையைப் பார்க்காது, அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்.

நீலம் வருவது, இரண்டு மின்னூட்ட இரும்பும் நான்கு மின்னூட்ட டைட்டானியமும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, ஒளியை வாங்கி எலக்ட்ரானைக் கைமாற்றுவதால். ஆனால் மக்னீசியத்துக்கும் இரண்டு மின்னூட்டம்தான். டைட்டானியம் முதலில் மக்னீசியத்தோடு ஜோடி சேர்ந்துவிடும். மக்னீசியத்துக்குக் கொடுத்து மிஞ்சிய டைட்டானியம் மட்டுமே இரும்போடு சேர்ந்து நீலம் தரும்.

எடை பிபிஎம்மை அணு பிபிஎம்மாக மாற்ற ஒரே சூத்திரம்: எண்ணை 20.39-ஆல் பெருக்கி, அந்தத் தனிமத்தின் அணு எடையால் வகுக்க வேண்டும். 20.39 என்பது குருந்தத்தில் ஒரு அணுவின் சராசரி எடை. அலுமினியம் ஆக்சைடின் 101.96-ஐ ஐந்து அணுக்களுக்குப் பங்கிட்டது. கையில் வைத்துக்கொள்ளப் பெருக்கு எண்கள்: மக்னீசியம் 0.839, டைட்டானியம் 0.426, குரோமியம் 0.392, இரும்பு 0.365, காலியம் 0.292.

உங்கள் கல்லுக்குப் போடுங்கள். டைட்டானியம் 100 × 0.426 = 42.6. மக்னீசியம் 60 × 0.839 = 50.3. அணுக்களில் மக்னீசியமே ஏறத்தாழ 8 அதிகம். எல்லா டைட்டானியத்தையும் அது பிடித்துக்கொண்டது, இரும்புக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எத்தனை முறை சூடு போட்டாலும் இந்தக் கல்லில் நீலம் ஏறாது. இதே கல்லில் மக்னீசியம் 30 ஆக இருந்திருந்தால்? 25.2 போக 17 அணு பிபிஎம் டைட்டானியம் மிஞ்சியிருக்கும்; இரும்பு உள்ள கல்லில் அது கண்ணுக்கு நிறைந்த நீலம்.

வெளுத்த கல்லுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மக்னீசியம் மிஞ்சிய கல்லில் இரும்பும் போதிய அளவு இருந்தால், ஆக்சிஜன் நிறைந்த சூழலில் சூடு போடும்போது மஞ்சள் எழும். நீலத்துக்கு வேண்டியது ஆக்சிஜன் குறைந்த சூழல். அறிக்கையை அணுக் கணக்கில் படித்த பிறகே எந்த உலை என்று முடிவு செய்யுங்கள்.

நேர்மாறான நிலையும் உண்டு. இலங்கையின் கெவுடா போலப் பால் படர்ந்த கல்லில் டைட்டானியம் ரூட்டைல் துகளாகச் சிறைப்பட்டிருக்கும். லேசர் அதையும் சேர்த்து எண்ணும், ஆனால் சிறைப்பட்டவரை அது நிறம் தராது. 1600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது கரைந்து கல்லுக்குள் பரவி நீலம் தரும். பால் போன்ற மங்கல், அணுக் கணக்கில் மிஞ்சிய டைட்டானியம், இரும்பு மூன்றும் சேர்ந்த கல்தான் சூட்டுக்கு ஏற்றது.

குரு பெயர்ச்சிக்குக் கனகபுஷ்பராகம் வாங்கினோம். கடைக்காரர் தந்த அட்டையில் "இயற்கைக் குருந்தம், சூடு செய்யப்பட்டது" என்றிருந்தது. வேறு ஆய்வகத்தில் காட்டினால் பெரிலியம் ஏற்றியது என்கிறார்கள். முதல் சோதனை பொய்யா?
– வாசகி, கோவை

பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, முதல் சோதனையில் பெரிலியமே கண்ணில் பட்டிருக்காது. எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி இரும்பு, குரோமியம், காலியத்தை நன்றாகக் காட்டும். பெரிலியம் மிக இலேசான தனிமம், அந்தக் கருவிக்கு அது தெரியவே தெரியாது. சில பிபிஎம் பெரிலியத்தைப் பிடிக்க லேசர் முறை போன்ற நுட்பம் வேண்டும்.

இந்த முறை 2001, 2002-ல் வெளிச்சத்துக்கு வந்தது. தாய்லாந்தின் சந்தபுரி உலைகளில் குருந்தத்தோடு பெரிலியம் உள்ள கிரைசோபெரில் கல்லையும் போட்டு, உருகுநிலையை நெருங்கும் சூட்டில் வைத்தார்கள். பெரிலியம் கல்லுக்குள் ஊடுருவி, மிஞ்சிய மக்னீசியம் செய்யும் அதே வேலையைச் செய்து மஞ்சளை எழுப்பியது. இயற்கையிலும் அரிதாகச் சில கற்களில் பெரிலியம் உண்டு. அப்போது அதோடு நியோபியம், டான்டலம் போன்றவையும் மங்கலான பகுதிகளில் சேர்ந்தே வரும். பெரிலியம் மட்டும் தனியாக, தெளிவான பகுதியிலும் பரவலாக இருந்தால் ஏற்றியதுதான்.

கல் இயற்கையானது, நிறம் ஏற்றப்பட்டது. விலை அதற்குத் தக்கபடி மிகவும் குறைவாக இருக்க வேண்டும். இரண்டாவது அறிக்கையின் நகலோடு, வாங்கிய பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் பேசுங்கள், அம்மா. அதுவரை மறுபட்டை தீட்ட விடாதீர்கள். நிறம் ஓரத்தில் மட்டும் தங்கியிருந்தால் பட்டையோடு போய்விடும். ஓரத்தைப் பார்க்க, வெள்ளைக் கிண்ணத்தில் பேபி ஆயில் ஊற்றிக் கல்லை முக்கி, கீழிருந்து வெளிச்சம் காட்டுங்கள். பட்டையின் வடிவத்தையே ஒட்டி நிறம் ஓடினால் அது இயற்கையாக வளர்ந்த நிறம் அல்ல. நிறம் நடுவரை பரவிய கற்களும் இருப்பதால், ஓரம் தெரியாததை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

புஷ்பராகம் என்ற பெயரில் டோபாஸும் விற்கிறது. நீர் எடையில் அது 3.5, குருந்தம் 4.0.

செயற்கை மாணிக்கத்தைச் சுவட்டுத் தனிமங்களால் பிடிக்க முடியுமா?
– வாசகர், தாராபுரம்

முடியும். சுடரில் உருக்கிச் செய்யும் முறை 1902 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுத்தமான அலுமினாவில் குரோமியம் மட்டும் கலப்பதால் காலியம் பெரும்பாலும் இருக்காது. இயற்கைக் கல்லில் அது இல்லாமல் இருப்பது அபூர்வம். உருகு உப்பில் வளர்த்த கற்களில் பிளாட்டினம், மாலிப்டினம், ஈயம் போன்ற தொட்டிச் சுவடுகள் தென்படலாம். இதற்கெல்லாம் செலவு செய்வதற்கு முன் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: சுடர் உருக்குக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் கிராமபோன் தட்டு போல வளைந்திருக்கும், இயற்கையில் நேராக, கோணம் கோணமாக இருக்கும்.

நொய்யல் கரைக் கொடுமணலில் கிடைத்த நீலக்கற்கள் நம்மூர்க் கல்தானா என்று இப்படிக் கண்டுபிடிக்க முடியுமா?
– ஆசிரியர், சென்னிமலை

அகழாய்வில் பச்சைக்கல், நீலம், படிகம், சூதுபவளம் எல்லாம் கிடைத்த தொழிற்கூடம் அது. பச்சைக்கல்லுக்குப் படியூர் பக்கத்திலேயே இருக்கிறது. நீலத்துக்கு முறை இதுதான்: லேசர் குழி தலைமுடியைவிட மெல்லியது, வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே பட்டை தீட்டாத சில்லுகளில் அளக்கலாம். ஆனால் ஒப்பிட, கரூர்–காங்கயம் பட்டையில் பாறையிலிருந்தே எடுத்த, இடம் தெரிந்த கற்கள் வேண்டும். உருமாற்றப் பாறை நீலங்கள் இலங்கையிலும் இங்கும் ஒரே எண்களைக் காட்டக்கூடும். அப்போது கல்லுக்குள் சிக்கிய கனிமங்களையும், ஆக்சிஜன் ஐசோடோப்பையும் சேர்த்தே தீர்ப்பு சொல்ல வேண்டும்.

ஆய்வுக்குக் கல் அனுப்பறதுன்னா எப்படி அனுப்பட்டுங்க?
– வாசகர், வெள்ளக்கோவில்

பெரிய, அழகான கல்லை அல்ல, பாறையோடு ஒட்டியிருக்கும் கல்லை. உள்ளங்கை அளவு தாய்ப்பாறை சேர்ந்து வரட்டும். எண்ணெய் தடவாதீர்கள், அமிலத்தில் போடாதீர்கள், சூடு காட்டாதீர்கள். ஒரு இடத்துக் கல் ஒரு துணிப்பையில். ஓடையில் பொறுக்கியதையும் காட்டில் பொறுக்கியதையும் கலக்க வேண்டாம். ஒவ்வொரு பையிலும் ஊர், செல்போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன பாறை என்று துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். பேனா வேண்டாம், பென்சிலில் எழுதுங்கள். ஈரக்கல்லோடு உரசினால் மை கரைந்து சீட்டு வெற்றுத்தாளாகிவிடும்.